எலிக்கு மூணு வாரம்... குரங்குக்கு அஞ்சரை மாசம்!

எலிக்கும் குரங்குக்கும் என்ன பாஸ் சம்பந்தம்னு கேட்கறீங்களா? ரெண்டுமே நம்ம மாதிரி குட்டி போட்டுப் பால் கொடுக்கிற பாலூட்டிங்கதான். கள்ளக்குறிச்சி நெல் வயல் வரப்புல ஒண்ணு, கல்வராயன் மலை மரத்துல இன்னொண்ணு. ஒரே க்ளாஸ், வேற வேற பெஞ்ச்!

வரப்பைத் துளைக்கிற வயல் எலி, பெருச்சாளியோட சின்னத் தம்பி. அதோட முன்பல் இருக்கே... மெக்கானிக்கல் மக்கள் கவனிக்க! மேலே ரெண்டு, கீழே ரெண்டு. சாகிற வரைக்கும் வளரும். முன்பக்கம் மட்டும்தான் எனாமல். பின்பக்கம் சீக்கிரம் தேய்ஞ்சு, உளி மாதிரி தானாவே கூர்மையாகிடும். சாணை பிடிக்கிற செலவு மிச்சம். குரங்குக்கு நம்ம கதைதான். பால் பல் விழுந்து முளைச்சது தேய்ஞ்சா தேய்ஞ்சதுதான். ஆனா அதுக்குக் கை இருக்கு, பழத்தோட நிறம் பார்த்துப் பறிக்கிற கண் இருக்கு. இருட்டு வளைக்குள்ள நிறம் எதுக்கு? எலிக்கு மீசைதான் டார்ச் லைட்!

சேமிப்பிலயும் ரெண்டும் கில்லாடி. எலி நெற்கதிரை வளைக்குள்ள கொண்டுபோய்ப் பதுக்கும். குரங்கு கன்னத்துப் பையில அடைச்சுக்கிட்டு ஓடி, நிதானமா மெல்லும்.

நிஜமான வித்தியாசம் பிரசவத்துல இருக்கு. எலிக்குக் கர்ப்பம் சுமார் மூணு வாரம், ஒரு ஈத்துக்கு ஆறேழு குட்டி. குரங்குக்கு அஞ்சரை மாசம், பெரும்பாலும் ஒரே குட்டி. அதனாலதான் விஷம் வச்ச வயல்லயும் எலி சீக்கிரமே திரும்பி வந்துடுது. விஷம் தின்ன எலியைப் பிடிச்சுத் தின்னு சாகிற கூகைதான் அவ்வளவு சுலபமா திரும்பாது. நம்ம இருளர்கள் வளையைத் தோண்டி எலியைப் பிடிச்சு, அது பதுக்கின நெல்லையும் மீட்டுடுவாங்க. விஷச் செலவே இல்லை. (இதுக்கெல்லாம் யாரும் பேடன்ட் கொடுக்கலை!)

நடு வகிடு எடுத்த மாதிரி முடியோட உட்கார்ந்திருக்கிற நம்ம நாட்டுக் குரங்கு, இந்தியத் தீபகற்பத்துக்கு மட்டுமே சொந்தம். 2020-ல ஐ.யூ.சி.என். அமைப்பு இதை அழியும் அபாயத்துல இருக்கிற இனங்களோட பட்டியல்ல சேர்த்துடுச்சு. ‘ரோட்டோரம் கூட்டமா உட்கார்ந்திருக்கே, இதுவா அழியுது?’னு தோணும். நாம வீசுற சிப்ஸுக்காகத்தான் அது காட்டை விட்டு ரோட்டுக்கு வருது, வயித்துல குட்டியைக் கட்டிக்கிட்டே. மலைப்பாதைத் திருப்பத்துல வேகமா வர்ற லாரிக்கு அது தெரியாது. அந்த ஒரு குட்டி போச்சுன்னா, அடுத்ததுக்கு மறுபடியும் முழுசா அஞ்சரை மாசம் சுமக்கணும்.