அணிற்பிள்ளை அடிக்கும் கொள்ளை! குருவித் தீனியைக் காப்பது எப்படி?

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு. கொல்லையில் ஒரு முருங்கை மரம், இரண்டு தென்னை, ஒரு கிணறு. காலை 6 மணிக்கு அந்த வீட்டுப் பாட்டி ஒரு தட்டில் கம்பு எடுத்து வருகிறார். மதில் மேல் வைக்கிறார். உள்ளே திரும்புகிறார். அவ்வளவுதான்!

முருங்கை மரத்தில் "கிரீச், கிரீச்" என்று சத்தம் கேட்கிறது. ஒருவர் இறங்கி வருகிறார். முதுகில் மூன்று வெள்ளைக் கோடு. வால் துடிக்கிறது. தட்டின் நடுவில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் கம்பை எடுத்து எடுத்துத் தின்கிறார். சிட்டுக்குருவிகள் ஓட்டின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கின்றன.

"பாருங்க தம்பி! நான் குருவிக்கு வெக்கறனுங்க. இது தின்னுபோட்டுப் போயிருதுங்க!" என்றார் பாட்டி.

அடித்து விரட்டக் கூடாதா என்று கேட்டேன். "ராமர் தடவிக் கொடுத்த பிள்ளைங்க அது. அடிக்க மனசு வருமுங்களா?" என்றார்.

அவருடைய மகனுக்கு அந்தத் தயக்கம் இல்லை. கடையில் எலி மருந்து வாங்கி வந்து, பரண் மேல் தயாராக வைத்திருந்தார்!

மருந்து வேண்டவே வேண்டாம்

நஞ்சுக்கு ஆள் தெரியாது. அணிலுக்கு வைத்ததைக் குருவி தின்னும், கோழி தின்னும். செத்ததைத் தின்கிற பூனைக்கும் ஆந்தைக்கும் ஆபத்து. கொல்லையில் விளையாடும் குழந்தை தொட்டுவிட்டால் என்ன ஆவது?

சிலர் கம்பத்தில் கிரீசைப் பூசுகிறார்கள். அதுவும் கூடாது. பிசுக்கு இறகில் ஒட்டினால் பறவையால் சரியாகப் பறக்க முடியாது.

வேறு வழி இருக்கிறது. செலவும் அதிகம் இல்லை.

மூன்று வழியை அடையுங்கள்

நம் ஊர் அணிலின் எடை சுமார் 100 கிராம். சிட்டுக்குருவி சுமார் 30 கிராம்தான். சண்டைக்குப் போனால் யார் ஜெயிப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் குருவிக்கு இறக்கை உண்டு, அணிலுக்கு இல்லை. கீழேயிருந்து ஏறி வரலாம், பக்கத்திலிருந்து தாவி வரலாம், மேலேயிருந்து இறங்கி வரலாம். நான்காவது வழி அதற்குக் கிடையாது.

முதலில், தட்டை மதிலிலிருந்து எடுத்துவிடுங்கள். மதில் என்பது அணிலுக்கு ராஜபாட்டை! மரமும் மதிலும் கூரையும் எட்டாத இடத்தில், ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக் குழாயை நடுங்கள். மரத்துக்கும் குழாய்க்கும் 10 அடியாவது இருக்கட்டும். உச்சியில் தட்டைப் பொருத்துங்கள். கிளை மேலே கவிந்திருந்தால் வெட்டிவிடுங்கள்.

இனி, கீழேயிருந்து ஏறும் வழி. இதற்கு நம் தென்னை விவசாயிகளே குரு. இளநீரைக் கடிக்கும் எலி மரம் ஏறாமல் இருக்க, தரையிலிருந்து சுமார் 2 மீட்டர் உயரத்தில் மரத்தைச் சுற்றித் தகரம் அடிக்கிறார்கள். வழுவழுப்பான தகரத்தில் நகம் பிடிக்காது. தோப்பில் ஒரு மரத்தின் மட்டை அடுத்த மரத்தைத் தொட்டால் மட்டும் தகரத்தால் பயன் இல்லை.

அதே வித்தையைக் குழாயில் செய்யுங்கள். பழைய எண்ணெய் டின்னை வெட்டி விரித்து, குடைபோல் மடக்கி, தட்டுக்குக் கீழே கவிழ்த்துக் கட்டுங்கள். ஏறி வரும் அணில் குடைக்குள் முட்டிக்கொள்ளும். தகரத்தின் ஓரத்தை மடித்துத் தட்ட மறக்காதீர்கள், கையைக் கிழித்துவிடும்.

திண்ணையில் நெற்கதிர்க் கட்டைத் தொங்கவிடும் வழக்கம் உள்ள வீடுகளில், கயிற்றை மாற்றுங்கள். கயிறு அணிலுக்கு ஏணி. மெல்லிய கம்பியில் கட்டி, நடுவில் துளையிட்ட ஒரு பழைய தட்டைக் கதிருக்கு மேலே கோத்துவிடுங்கள். இறங்கி வரும் அணில் தட்டில் கால் வைத்ததும் தட்டு சாயும், சறுக்கிவிடும்.

கிளிக்குத் தெரிந்த ரகசியம்

இன்னொரு வழி வேடிக்கையானது. கிளி மிளகாய்ப் பழத்தைக் கொத்தித் தின்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் நாக்கு எரியாதா? எரியாது!

மிளகாயின் காரத்துக்குக் காப்சைசின் என்று பெயர். சூட்டை உணருவதற்கு நம் உடலின் நரம்புகளில் ஒரு கதவு இருக்கிறது. காரம் பட்டால் அந்தக் கதவு திறந்துகொள்கிறது. நெருப்புப் பட்டதுபோல் நாம் துடிக்கிறோம். இதை 1997-ல் கண்டுபிடித்தவர் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ். 2021-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் இவர் ஒருவர்.

2002-ல் அவரும் அவருடன் உழைத்தவர்களும் கோழியின் கதவைச் சோதித்தார்கள். காப்சைசின் பட்டும் அது திறக்கவில்லை! கோழிப் பண்ணைகளுக்குப் பேர்போன நாமக்கல்லில் இந்தச் செய்தியைப் பலகையில் எழுதி மாட்டலாம்.

அணில் நம்மைப்போல் பாலூட்டி. அதற்குக் காரம் சுடும். ஆகவே கம்பில் துளி எண்ணெய் விட்டு, மிளகாய்த் தூளைப் பிசறி வையுங்கள். எண்ணெய் எதற்கு? தூள் காற்றில் பறந்து குழந்தைகள் கண்ணிலும் பறவைகள் கண்ணிலும் விழாமல் இருக்கத்தான். ஆனாலும் தகரக் குடைதான் முதல் வைத்தியம். மிளகாய் அதற்குத் துணை.

ஒரு நாளில் தீரும் அளவுக்கே தானியம் வையுங்கள். மிஞ்சினால் பூஞ்சணம் பிடிக்கும். சேலத்து வெயிலில் தானியத்தைவிடத் தண்ணீர்தான் அவசரம். ஆழமில்லாத மண் சட்டியில் தினமும் மாற்றி ஊற்றுங்கள்.

இவ்வளவையும் பாட்டியின் மகனிடம் சொன்னேன். அடுத்த வாரம் போனபோது கொல்லையில் குழாய் நின்றது. தகரக் குடையும் இருந்தது. அணில் ஏறியது, முட்டியது, இறங்கியது. மறுபடி ஏறியது. மேலே குருவிகள் கம்பு தின்றுகொண்டிருந்தன.

பாட்டிக்குப் பொறுக்கவில்லை. நாலு வேர்க்கடலையை எடுத்துப் போய் மதில் மேல் வைத்தார்.

"எலி மருந்து எங்கே?" என்று கேட்டேன்.

"அதை அன்னைக்கே கடையில திருப்பிக் குடுத்தாச்சுங்க" என்றார் மகன்.