பச்சையா, சிவப்பா என்று கேட்டு கூலன்ட் விற்கலாமா?

தார், கூர்க்கா, ஜிம்னி போன்ற நான்கு சக்கர இழுவை ஜீப்புகள் நம் புதுவையில் பெருகிவிட்டன. வார இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னையிலிருந்து வருபவை தனி. மோட்டார் சைக்கிளிலும் இதே கதைதான். 2016இல் வந்த ஹிமாலயன் காற்றிலும் ஆயிலிலும் குளிர்ந்தது. 2023 நவம்பரில் வந்த ஹிமாலயன் 450க்கு ரேடியேட்டர் உண்டு. ஆகவே கூலன்ட் கேட்டு வருவோர் கூடியிருக்கிறார்கள். நாமோ இன்னும் "பச்சையா, சிவப்பா?" என்று கேட்டுத்தான் டப்பாவை எடுத்துக் கொடுக்கிறோம்.

நிறம் என்பது கம்பெனி சேர்க்கும் சாயம், அவ்வளவே. ஒரு கம்பெனியின் பச்சையும் இன்னொன்றின் பச்சையும் ஒரே சரக்காக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உள்ளே பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால்தான். வித்தியாசம் துருத்தடுப்பு மருந்தில். பழைய வகையில் சிலிகேட், பாஸ்பேட் போன்ற உப்புகள். இரண்டு ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டும். ஓ.ஏ.டி. எனப்படும் புதிய வகையில் கரிம அமிலங்கள். ஐந்து ஆண்டு வரை தாங்கும். இரண்டையும் கலந்தால் அன்றே எஞ்சின் போய்விடாது, ஆனால் துருத்தடுப்பின் ஆயுள் குறையும். சில கலவைகளில் கூழ் போலப் படிந்து ரேடியேட்டர் குழாயையும் அடைக்கும். வண்டியின் கையேட்டில் என்ன வகை போட்டிருக்கிறது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

சாலையில் ஓடும் காரில் இந்தக் குறை வெகுநாள் தெரியாது. மணலிலும் மேட்டிலும் முதல் கியரில் ஏறும் வண்டிக்கு எஞ்சின் பாரம் அதிகம், எதிர்க்காற்றோ கிடையாது. ஆரோவில் பக்கத்துச் செம்மண் சேறு ரேடியேட்டர் இடுக்கில் காய்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

"நம்மூரில் பனி ஏது, தண்ணீரே போதாதா?" என்பார்கள். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் ஏறத்தாழ 107 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் அழுத்தத்தில் இன்னும் இருபது டிகிரிக்கு மேல் தாங்கும். குளிரில் மைனஸ் 35 வரை உறையாது. லடாக் போகும் பையன்களுக்கு இது வேண்டும். அதற்காக நீர் சேர்க்காமல் கான்சன்ட்ரேட்டை அப்படியே ஊற்றுவதும் தவறு. தண்ணீரைவிடக் கிளைக்கால் வெப்பத்தைக் குறைவாகத்தான் கடத்தும்.

தண்ணீர் விஷயத்தில் கடற்கரை ஊர்க்காரர்களான நமக்குக் கவனம் கூடுதலாக வேண்டும். போர் தண்ணீரில் உள்ள குளோரைடு அலுமினியத்தை அரிக்கும். கால்சியம், பாஸ்பேட்டுடன் சேர்ந்து படிவாகும். கடினநீர் காரணமாகவே ஐரோப்பியக் கம்பெனிகள் பாஸ்பேட்டைத் தவிர்த்தன. கான்சன்ட்ரேட் விற்றால் டிஸ்டில்டு வாட்டரையும் கூடவே கொடுங்கள்.

எங்களிடம் சரக்கு எடுக்கும் ஒரு சில்லறைக் கடையில் நடந்தது: ரெடி மிக்ஸ் வாங்கிப் போனவர் வழக்கப்படி பாதித் தண்ணீர் கலந்து ஊற்றினார். மலையேறும்போது வண்டி கொதித்து ஹெட் கேஸ்கட் போயிற்று. பழி கடைக்காரர் மீது! "இதில் தண்ணீர் சேர்க்காதீர்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வாடிக்கையாளர் கடையை விட்டுப் போயிருக்க மாட்டார்.

கொள்முதலின்போது டப்பாவில் ஐ.எஸ். 5759 உள்ளதா என்று பாருங்கள். விலை மலிவான வெறும் சாயத் தண்ணீரும் உலவுகிறது. கிளைக்கால் அளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று கடையில் இருந்தால் ஒரு சொட்டில் சாயம் வெளுத்துவிடும்.

இன்னொன்று, லூசில் ஊற்றிக் கொடுப்பதை அடியோடு நிறுத்த வேண்டும். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். குடிநீர் பாட்டிலில் வீட்டுக்குப் போனால் குழந்தை சர்பத் என்று குடித்துவிடும். சீல் உடைக்காத டப்பாவையே கொடுங்கள். பில்லில் பிராண்டோடு வகையையும் எழுதிவிட்டால், அடுத்த முறை டாப்-அப்புக்கு வருபவர் அதையே கேட்டு வாங்கிப் போவார்.