விளம்பரத்தில் ஆற்றைக் கடக்கும் பைக்

ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டிவிஎஸ், 2025 அக்டோபர் 15 அன்று அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300-ஐ வெளியிட்டது. 299 சிசி எஞ்சின், 36 குதிரைத்திறன், முன்னே 19 அங்குலமும் பின்னே 17 அங்குலமுமான அலாய் வீல்கள், 835 மில்லிமீட்டர் உயரத்தில் சீட், 180 கிலோ எடை. தொடக்க எக்ஸ்-ஷோரூம் விலை 1.99 லட்சம் ரூபாய். பைக் பிரியர்களின் முதல் வாரப் பேச்சு இரண்டாகப் பிரிந்தது. எஞ்சினும் விலையும் அருமை என்று கொண்டாடியவர்கள் ஒரு பக்கம். ஸ்போக் வீல் இல்லாமல் இது என்ன அட்வெஞ்சர் பைக் என்று கேட்டவர்கள் மறுபக்கம்.

2021 ஆகஸ்டில் ஹோண்டா சிபி200எக்ஸ் வந்தபோது இதே கேள்வி இன்னும் காரமாக எழுந்தது. உயர்ந்த ஹேண்டில்பார், கைக்காப்பு, அலகுபோல நீண்ட முகப்பு எல்லாம் அதில் இருந்தன. ஆனால் இரண்டு சக்கரமும் 17 அங்குலம், தரை இடைவெளி 167 மில்லிமீட்டர்தான். ஹார்னெட் 2.0 என்ற சாலை பைக்குக்குப் புது உடை தைத்துப் போட்டது போலத்தான் இருந்தது. அதன் ஓராண்டுக்குள் வந்த சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் 205 மில்லிமீட்டர் இடைவெளி கொடுத்தது. 2019-இல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, 21 அங்குல ஸ்போக் வீலும் 220 மில்லிமீட்டர் இடைவெளியுமாக உண்மையிலேயே மண்ணில் இறங்கக்கூடிய வண்டியாக இருந்தது. கடையில் இவை எல்லாமே அட்வெஞ்சர் பைக் என்ற ஒரே பெயரில்தான் விற்கப்பட்டன.

சாலைக்கான பைக்கை வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை. பெரும்பாலோர் ஓட்டப்போவது குழி விழுந்த ஊராட்சிச் சாலையும், நான்கு வழிச்சாலையும், வருடத்துக்கு இரண்டு மலைப்பயணமும்தான். அதற்கு இந்த வண்டிகள் தாராளமாகப் போதும். விளம்பரத்தில் ஆற்றைக் கடக்கும் வண்டியைப் பார்த்து, அதே நம்பிக்கையில் பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு உத்தரவாதப் புத்தகத்தைப் பிரிப்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அந்தப் புத்தகத்தை வண்டி வந்த பிறகு படிக்காதீர்கள். முன்பணம் கட்டுவதற்கு முன்பே ஷோரூமில் கேட்டு வாங்கிப் படியுங்கள். ரிவ்யூ வீடியோக்களை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

ஏன் என்றால், பல நிறுவனங்களின் உத்தரவாத விதிகளில் ஒரு பகுதி ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். போட்டி, பந்தயம், முறையற்ற பயன்பாடு, எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்ததால் வந்த சேதம், வளைந்த ரிம், வெடித்த டயர், இவை உத்தரவாதத்துக்குள் வராது என்று எழுதியிருப்பார்கள். விளம்பரப் படத்தில் காட்டிய அதே ஓட்டம், சிறிய எழுத்தில் விலக்கப்பட்டிருக்கும். மண்பாதையில் ஓட்டினால் உத்தரவாதம் உண்டா, எவ்வளவு ஆழம்வரை தண்ணீரில் போகலாம், வேறு டயர் மாற்றினால் எந்தப் பாகத்தின் உத்தரவாதம் போகும், இந்த மூன்று கேள்விகளையும் டீலருக்கு மின்னஞ்சலில் அனுப்பிப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விற்பனையாளர் வாயால் சொன்னது பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

இந்த முரண்பாட்டைச் சட்டம் கண்டுகொள்ளாமல் விட்டுவிடவில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தைத் தனிக் குற்றமாகவே பார்க்கிறது. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இன்னும் துல்லியமானவை. விளம்பரத்தின் பெரிய எழுத்து சொன்ன பொய்யை, அடியில் உள்ள பொறுப்புத்துறப்பு திருத்தப் பார்க்கக் கூடாது. பொறுப்புத்துறப்பு, விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும். தமிழ் விளம்பரத்தின் கீழே கண்ணுக்குத் தெரியாத அளவில் ஓடும் ஆங்கில வரி இந்த நெறிக்குப் பொருந்தாதது. தவறான விளம்பரத்துக்கு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. இதற்குப் புகார் கொடுக்க டெல்லிக்கு எழுத வேண்டிய அவசியம்கூட இல்லை. மாவட்ட ஆட்சியரிடமே கொடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் பட்டாவுக்கும் குடிநீருக்கும் மனு கொடுக்கும் அதே வரிசையில் இதற்கும் இடமுண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

ரிவ்யூ செய்பவர்களுக்கும் இந்த நெறிகள் பொருந்தும். புது பைக்கின் முதல் கருத்துகள் பெரும்பாலும் நிறுவனமே ஏற்பாடு செய்த ஓட்டத்தில், நிறுவனம் கொடுத்த வண்டியில், சில மணி நேரத்தில் உருவானவை. அதில் திறமையான, நேர்மையான ரைடர்கள் உண்டு. அவர்களிடமிருந்து நானும் கற்றிருக்கிறேன். ஆனால் பணமோ, பயணச் செலவோ, பரிசோ வாங்கியிருந்தால் பார்ப்பவருக்கு அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியது சட்டக் கடமை. மறைத்துத் தவறாக வழிநடத்தினால் முதல் முறை ஓராண்டு வரை விளம்பரம் செய்யத் தடை வரலாம். நாம் கவனிக்க வேண்டியது வேறு ஒன்றும் இருக்கிறது. ஒரு நாள் ஓட்டத்தில் சூடு தெரியும், சீட் உயரம் தெரியும், பிரேக் தெரியும். மழைக்காலத்தில் மின்கம்பி இணைப்புகள் என்ன ஆகும், நான்காவது சர்வீஸுக்குப் பிறகு ஸ்டீரிங் பேரிங் எப்படி இருக்கும், உதிரிபாகம் வர எத்தனை வாரம் ஆகும், இதெல்லாம் ஆறு மாதம் சொந்தக் காசில் ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும். அவசரம் இல்லாதவர்கள் அந்த ஆறு மாதம் பொறுத்திருப்பது நல்லது.

ஷோரூமில் உட்காரும்போது விலைச்சீட்டைப் பிரித்துக் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு மேல் 40 சதவீதம். 299 சிசி வண்டிக்கும் ராயல் என்ஃபீல்டின் 452 சிசி ஹிமாலயனுக்கும் இடையிலுள்ள விலை வித்தியாசத்தில் இந்த வரிக்கும் கணிசமான பங்கு உண்டு. தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இருசக்கர வாகனத்துக்குச் சாலை வரி 12 சதவீதம். மூன்றாம் தரப்புக் காப்பீடு ஐந்தாண்டுக்கு எடுக்க வேண்டியது கட்டாயம். ஆனால் டீலர் சொல்லும் காப்பீட்டு நிறுவனத்திடம்தான் எடுக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு வரி இருந்தால் எதற்கு என்று கேட்டு, ரசீதில் அப்படியே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தாலே அந்தத் தொகை என்னவென்று புரிந்துவிடும். படிவம் 21 என்ற விற்பனைச் சான்றிதழில் வண்டி தயாரான மாதமும் ஆண்டும் இருக்கும், பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வண்டியோடு ஐஎஸ்ஐ முத்திரை பெற்ற ஹெல்மெட் ஒன்றைத் தயாரிப்பாளர் வழங்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 138. அதைக் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. விதி 123-இன்படி பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும், பின்சக்கரத்தில் துணி சிக்காமல் காக்கும் தடுப்பும் இருக்க வேண்டும். அழகுக்காகச் சேலைக் காப்பைக் கழற்றிப் போடுவதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. பின்னால் உட்காரும் அம்மாவின் முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சுற்றினால் என்ன நடக்கும் என்பதை ஒரு நொடி யோசித்துப் பார்த்தால் யாரும் அதைக் கழற்ற மாட்டார்கள்.

மற்ற ஆபத்துகளும் இந்த வகை வண்டியின் உருவத்திலேயே இருக்கின்றன. 835 மில்லிமீட்டர் சீட் என்றால் சராசரி உயரமுள்ளவருக்கு இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படாது. நேர்ச்சாலையில் இது தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், பின்னால் ஆள், இரு பக்கமும் பை, முன்னால் பேருந்து இறங்கி வருகிறது, வண்டியை நிறுத்திக் கால் ஊன்ற வேண்டும் என்ற அந்த இடத்தில்தான் தெரியும். ஷோரூமில் தனியாக ஏறிப் பார்த்தால் போதாது. வழக்கமாகப் பின்னால் வருபவரை உட்கார வைத்து, சரிவான இடத்தில் நிறுத்திப் பாருங்கள். கட்டை கட்டையான மண்டயர் மாட்டினால் ஈரத் தார்ச்சாலையில் பிடிமானம் குறையும். மண்பாதைக்காகப் பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்கும் வசதி இத்தகைய பல பைக்குகளில் உண்டு. சாலைக்குத் திரும்பியதும் அது தானாக மறுபடி இயங்குமா, நாம்தான் போட வேண்டுமா என்பது வண்டிக்கு வண்டி மாறும். இதை முதல் நாளே கையேட்டில் பார்த்துவிட வேண்டும். இன்னொன்று, மண்பாதை என்று வண்டியைத் திருப்பும் இடம் பல நேரம் காப்புக்காடாக இருக்கிறது. அனுமதியின்றி உள்ளே போவது வனச் சட்டப்படி குற்றம். அங்கே ஒரு யானைக் கூட்டம் எதிர்ப்பட்டால் சட்டம் பிறகுதான் வரும்.

வாங்கிய உடனே சைலன்சரை மாற்றுவது, கூடுதல் விளக்கு மாட்டுவது என்று பலர் தொடங்கிவிடுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. அதைவிடப் பெரிய இழப்பு காப்பீட்டில் வரும். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டிச் சொந்தச் சேதத்துக்கான கோரிக்கையை நிறுவனம் மறுக்க வழி கிடைத்துவிடும்.

வண்டியிலேயே குறை இருந்தால்? இங்கேதான் நம் மக்கள் அதிகம் தோற்கிறார்கள், அதுவும் காகிதம் இல்லாததால். எஞ்சின் நின்று நின்று போகிறது என்று சொல்லி விட்ட வண்டிக்கு, ஜாப் கார்டில் சர்வீஸ் அட்வைசர் 'ஜெனரல் செக்கப்' என்று எழுதுவார். வண்டி கழுவித் திரும்பும். நான்கு முறை இப்படிப் போய்வந்த பிறகும், ஆவணப்படி அந்த வண்டியில் குறையே இருந்ததில்லை. ஆகவே நீங்கள் சொன்ன குறையை நீங்கள் சொன்ன சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். ஓடிய கிலோமீட்டர், தேதி, மாற்றிய பாகம் எல்லாம் அதில் இருக்கட்டும், நகலை வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினை இயக்கும்போது வரும் ஓசையைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். டீலரோடு நிறுத்தாமல் தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள்.

அதற்குப் பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். பல புகார்கள் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடுகின்றன. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை, நாம் பேசும் பைக்குகளில் பெரும்பாலானவை அதற்குள்தான் வரும். வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். மூன்று மாதத்தில், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் கூடுதலாகவே இழுக்கும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

புது வண்டியே வேண்டும் என்று கேட்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பாகத்தை மாற்றிச் சரிசெய்ய முடிகிற குறைக்கு முழு வண்டியையும் மாற்றித் தர உத்தரவிட வேண்டியதில்லை என்று 2006-இல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உற்பத்திக் குறைபாடு என்று நிறுவும் பொறுப்பும் நம்முடையது. ஆணையத்திடம் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். அதனால் மனுவில் பாகத்தை இலவசமாக மாற்றுவது, வண்டி நின்ற நாட்களுக்கான இழப்பீடு, மன உளைச்சலுக்கான தொகை, அதோடு மாற்று வண்டி அல்லது பணம் என்று படிப்படியாகக் கேட்பது பயன் தரும். குறைபாட்டால் காயம் ஏற்பட்டிருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பொருள் பொறுப்பு அத்தியாயம் தயாரிப்பாளரிடமிருந்து தனியாக இழப்பீடு பெற வழி வைத்திருக்கிறது.

ஒரே குறை பலருக்கு இருந்தால் அது திரும்பப் பெறும் நடவடிக்கைக்குப் போகும். மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 110ஏ பிரிவும், 2021 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த விதிகளும் இதற்காகத்தான். தயாராகி ஏழாண்டு தாண்டாத வண்டிகளில் பாதுகாப்புக் குறை இருந்து குறிப்பிட்ட அளவு புகார்கள் சேர்ந்தால், அரசு திரும்பப் பெற உத்தரவிடலாம். நிறுவனத்துக்கு 10 லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை அபராதமும் வரலாம். நிறுவனங்கள் தாமாகவே அழைப்பதும் உண்டு. ஓசூரில் தயாரான பிஎம்டபிள்யூ ஜி310 வரிசை, சைடு ஸ்டாண்டு பிரச்சினைக்காக 2018-இல் வெளிநாடுகளில் திரும்ப அழைக்கப்பட்டது. 2021 மே மாதம் ராயல் என்ஃபீல்டு, இக்னிஷன் காயில் குறைக்காக 2,36,966 வண்டிகளை அழைத்தது. இதில் அவமானம் எதுவும் இல்லை, அழைக்காமல் மூடி மறைப்பதுதான் தவறு. நண்பர்கள் குழுவில் புலம்புவதோடு நிறுத்தாமல் வாகன் தளத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் புகார் பதிவதால்தான் அந்த எண்ணிக்கை சேரும். திரும்ப அழைப்பு சேசிஸ் எண்ணைச் சார்ந்தது, வாங்கியவர் பெயரைச் சார்ந்ததன்று. பழைய வண்டி வாங்கியவர்கள் ஆர்சியில் தங்கள் முகவரியையும் கைப்பேசி எண்ணையும் மாற்றியிருந்தால்தான் அந்தச் செய்தி அவர்களுக்கு வரும்.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போக வேண்டிய காலக்கெடு இரண்டு ஆண்டு, குறை எழுந்த நாளிலிருந்து. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பியிருக்க முடியாது. 'அடுத்த சர்வீஸில் பார்க்கலாம் சார்' என்று டீலர் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அந்தக் கெடுவில் மூன்று நான்கு மாதம் கரைகிறது.