பவர் சரி, கண்ணாடி தவறு

புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து தலை வலிக்கிறது, படி இறங்கும்போது தரை மேலே வருவதுபோல் இருக்கிறது என்று கடைக்குத் திரும்பிப் போகிறவருக்கு முதலில் கிடைக்கும் பதில், ‘ரெண்டு நாள் விடாம போடுங்க, பழகிடும்’ என்பதுதான். மறுபடியும் போய் நின்றால் கண்ணாடியை லென்சோமீட்டரில் வைத்துப் பார்த்து, சீட்டில் எழுதியிருக்கும் பவர்தான் லென்ஸிலும் இருக்கிறது என்று காட்டி அனுப்புவார்கள். இரண்டு பதிலுமே பொய்யில்லை. ஆனால் அந்தக் கருவி சொல்லத் தயாராக இருப்பதில் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு மீதியை விட்டுவிடுகிறோம். ஒரு லென்ஸில் சரிபார்க்க வேண்டியவை இரண்டு: அதற்கு எவ்வளவு பவர் என்பதும், அந்தப் பவர் கண்ணுக்கு நேராக எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதும். முதலாவதில் பிழை வருவது இன்று குறைந்துவிட்டது. தொல்லை தருவது பெரும்பாலும் இரண்டாவதுதான் என்பதே இங்கே என் வாதம்.

கருவி வருவதற்கு முன் லென்ஸின் பவரைக் கையாலேயே கண்டுபிடித்தார்கள். கிட்டப்பார்வைக்கான குழிலென்ஸைக் கையை நீட்டிப் பிடித்து, எதிரே உள்ள ஜன்னல் கம்பியைப் பார்த்தபடி இடமும் வலமுமாக அசைத்தால், உள்ளே தெரியும் கம்பி லென்ஸ் போகும் பக்கமே போகும். குவிலென்ஸானால் எதிர்ப்பக்கம் போகும். பவர் தெரிந்த எதிர்க்குறி லென்ஸ்களை ஒவ்வொன்றாக அதோடு ஒட்டிப் பிடித்து, எதைச் சேர்த்தால் கம்பியின் அசைவு நின்றுபோகிறதோ அதுவே விடை. எதிர்த்தட்டில் படிக்கல் வைத்துத் தராசை நேர்நிறுத்துவதுபோலத்தான் இதுவும். இந்தத் தராசு சின்னப் பவருக்குச் சரியாக நிற்கும். தடித்த லென்ஸில் இரண்டு பரப்புகளும் சரியாகப் பொருந்தாமல் இடைவெளி விழுவதால் எண் பிசகும்.

லென்சோமீட்டரும் ஏதோ ஒன்றை நகர்த்தித்தான் அளக்கிறது. உள்ளே ஒளியூட்டப்பட்ட ஒரு குறி, அதற்கு முன்னால் அசையாத ஒரு குவிலென்ஸ், நாம் கண் வைக்கும் முனையில் ஒரு சிறு தொலைநோக்கி. சோதிக்க வேண்டிய லென்ஸை, கண்ணை ஒட்டி வரும் பின்பரப்பு தாங்கியைத் தொடும்படி நடுவே வைத்ததும் குறி மங்கிப்போகும். குமிழைத் திருகிக் குறியை முன்னும் பின்னுமாக நகர்த்தினால் ஓரிடத்தில் மறுபடி தெளியும். நகர்ந்த தூரம்தான் பவர். இதில் என்னை எப்போதும் வியக்க வைப்பது அந்த அளவுகோலின் ஒழுங்கு. டயாப்டர் என்பது மீட்டரில் சொன்ன குவியத் தொலைவின் தலைகீழ்; 1872இல் ஃபெர்டினான்ட் மொனோயே முன்வைத்த அலகு. சாதாரண மேசையில் குவியத் தொலைவை அளந்தால் 1 டயாப்டருக்கும் 2 டயாப்டருக்கும் இடையே அரை மீட்டர் வித்தியாசம் வரும். 11க்கும் 12க்கும் இடையே ஒரு சென்டிமீட்டர்கூட வராது. அப்படி ஒரு பக்கம் விரிந்தும் மறுபக்கம் நெருங்கியும் கிடக்கும் அளவுகோலை வைத்துக்கொண்டு கடை நடத்த முடியாது. சோதிக்கப்படும் லென்ஸைச் சரியாக அந்த அசையா லென்ஸின் குவியத்தில் வைத்துவிட்டால் இந்தக் கோணல் மறைந்துவிடும் என்பது பிரெஞ்சுக் கண் மருத்துவர் பாடாலின் பெயரால் 1876 முதல் வழங்கும் தத்துவம். அசையா லென்ஸ் 20 டயாப்டர் என்றால் ஒவ்வொரு டயாப்டருக்கும் குறி 2.5 மில்லிமீட்டர் நகர வேண்டும், 1க்கும் அதேதான், 12க்கும் அதேதான். அமெரிக்கன் ஆப்டிகல் நிறுவனத்தின் எட்கர் டில்லியர் 1920களில் இதைக் கடை மேசையில் வைக்கத் தகுந்த கருவியாக்கினார்.

திசைக்குத் திசை பவர் மாறும், அதாவது சிலிண்டர் பவர் உள்ள லென்ஸில் குறியின் கோடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தெளிவதில்லை. ஒரு திசைக் கோடுகள் ஓரிடத்திலும், அதற்குக் குறுக்கே உள்ளவை வேறிடத்திலும் தெளியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சிலிண்டர், கோடுகள் உடையாமல் நேராக நிற்கும் கோணம் அச்சு. எண் சரியாக இருந்து அச்சு மட்டும் திரும்பியிருந்தால் என்ன ஆகும் என்பதைச் சின்னக் கணக்கு சொல்லிவிடும். 2 டயாப்டர் சிலிண்டர் 10 டிகிரி பிசகினால் ஏறக்குறைய 0.7 டயாப்டர் குறை திருத்தப்படாமல் நிற்கும். 30 டிகிரி பிசகினால் மிச்சம் நிற்பதே 2 டயாப்டர், அதாவது சிலிண்டரே இல்லாத லென்ஸைப் போட்டதற்குச் சமம். அதனால்தான் அமெரிக்கத் தரநிலையான இசட் 80.1, கால் டயாப்டர் சிலிண்டருக்கு 14 டிகிரி வரை மன்னிக்கிறது, 1.50க்கு மேல் போனால் 2 டிகிரிக்கு மேல் மன்னிப்பதில்லை. இடம் பவரைவிடச் சளைத்ததல்ல என்பதற்கு இது முதல் சாட்சி.

இரண்டாவது சாட்சி லென்ஸின் மையம். லென்ஸின் ஒளிமையத்தின் வழியாகப் பார்த்தால் ஒளி வளையாமல் நேராக வரும். மையத்தைவிட்டு விலகிப் பார்த்தால் அதே லென்ஸ் முப்பட்டகமாக, அதாவது ப்ரிசமாக மாறி, பார்க்கும் பொருளை இடம் பெயர்த்துக் காட்டும். எவ்வளவு என்பதற்கு நியூயார்க் கண்ணாடி வல்லுநர் சார்லஸ் பிரென்டிஸ் 1890களில் ஒரு விதி தந்தார்: விலகலைச் சென்டிமீட்டரில் எடுத்து லென்ஸின் பவரால் பெருக்கினால் ப்ரிசம் அளவு கிடைக்கும். ஒரு ப்ரிசம் என்பது ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு சென்டிமீட்டர் இடப்பெயர்ச்சி. இதை நம் கண்ணாடியிலேயே போட்டுப் பார்க்கலாம். ஃபிரேமின் காதுத்தண்டிலோ பாலத்திலோ 52, 18 என்பதுபோல இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும். முதலாவது லென்ஸின் அகலம், இரண்டாவது மூக்குப் பாலத்தின் அகலம். கூட்டினால் 70, ஃபிரேமின் இரு வட்டங்களுடைய நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள மில்லிமீட்டர் அது. போடுகிறவரின் கருமணிகளுக்கு இடையே உள்ள தூரம், கடைக்காரர்கள் பி.டி. என்று சொல்வது, 60 என்று கொள்வோம். லென்ஸை வெட்டுகிறவர் மையத்தை உள்பக்கம் தள்ளாமல் வட்டத்தின் நடுவிலேயே விட்டுவிட்டால் கண்ணுக்கு 5 மில்லிமீட்டர் பிசகு. பவர் மைனஸ் 6 ஆனால் கண்ணுக்கு 3 ப்ரிசம், இரண்டுக்கும் சேர்த்து 6. அதுவும் கண்களை வெளிப்பக்கம் விலகச் சொல்லும் ப்ரிசம். தூரத்தைப் பார்க்கும்போது கண்கள் அப்படி விலகும் திறன் பெரும்பாலோருக்கு ஏழு ப்ரிசம் அளவோடு தீர்ந்துவிடும். இந்தக் கண்ணாடியை லென்சோமீட்டரில் வைத்தால் மைனஸ் 6 என்றுதான் காட்டும். குறியை நடுவளையத்துக்குக் கொண்டுவந்து பவரைப் படித்துவிட்டு எடுத்துவிட்டால் எந்தக் குறையும் தெரியாது.

இத்தனைக்கும் கருவியில் அதற்கான வசதி பிறந்ததிலிருந்தே இருக்கிறது. பார்வைப்புலத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் வளையங்கள் ப்ரிசத்தைப் படிப்பதற்குத்தான். பக்கத்தில் இருக்கும் மூன்று சிறு மை ஊசிகள் மையத்தில் புள்ளி வைப்பதற்குத்தான். முறையாகச் சரிபார்ப்பவர் முதலில் அதிகப் பவர் உள்ள லென்ஸின் மையத்தைப் பிடித்துப் புள்ளி வைப்பார். பிறகு ஃபிரேம் உட்காரும் மேடையை ஏற்றாமல் இறக்காமல் அடுத்த லென்ஸுக்கு நகர்த்திக் குறி மேலோ கீழோ விலகுகிறதா என்று பார்ப்பார். கடைசியில் இரு புள்ளிகளுக்கும் இடையே அளவுகோல் வைப்பார். மேல்கீழ் விலகலுக்கு இவ்வளவு கவனம் ஏன் என்றால், பக்கவாட்டில் ஓரளவு சமாளிக்கும் நம் கண்கள் மேல்கீழாக மூன்று ப்ரிசம் அளவுக்கு மேல் இணைவதே அரிது. தரநிலையும் குறைந்த பவர்களுக்குப் பக்கவாட்டில் 0.67 ப்ரிசமும், மேல்கீழாக அதில் பாதி 0.33ம்தான் அனுமதிக்கிறது.

‘அப்படியானால் பழகிவிடும் என்பது வெறும் சாக்கா?’ என்று கேட்கலாம். இல்லை. புதிதாகச் சிலிண்டர் சேர்ந்தவருக்கும் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் பவர் படிப்படியாக மாறும் புரொகிரசிவை முதல்முறை போடுகிறவருக்கும் பழக்கம் உண்மையிலேயே வேண்டியிருக்கிறது. வலக்கண்ணில் மைனஸ் 1, இடக்கண்ணில் மைனஸ் 4 உள்ளவர் பிழையே இல்லாத கண்ணாடியில்கூட மையத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே பார்த்துப் படித்தால் 3 ப்ரிசம் மேல்கீழ் வித்தியாசத்தைச் சந்திக்கிறார். அவர் தலையைக் குனிந்து படிக்கப் பழகிக்கொள்ளத்தான் வேண்டும், அல்லது அதற்கென்று தனியாகச் செய்த லென்ஸ் வாங்க வேண்டும். ஆனால் எது லென்ஸின் இயல்பு, எது வெட்டியவரின் பிழை என்று அளந்து பார்த்த பிறகே தெரியும். அளக்கும் முன் ‘பழகிடும்’ என்பது நோய் என்னவென்று பார்க்காமல் மருந்து எழுதுவது.

பெட்டிக்கடையில் தொங்கும் ரெடிமேட் கண்ணாடிக்கு யார் பி.டி. பார்த்தார்கள், அதைப் போட்டு லட்சக்கணக்கானோர் படிக்கவில்லையா என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயது தாண்டிய தொழிலாளர்களுக்கு விலை குறைந்த வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்துச் செய்த ஆய்வில், கொடுக்கப்படாதவர்களைவிட அவர்கள் பறித்த இலையின் அளவு ஏறக்குறைய 22 சதவீதம் கூடியது என்று 2018இல் முடிவு வந்தது. எளிய கண்ணாடியைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அது ஏன் பொருந்துகிறது என்பதையும் பிரென்டிஸ் விதியே சொல்கிறது. பிளஸ் 1.50இல் 3 மில்லிமீட்டர் விலகினாலும் அரை ப்ரிசத்துக்குள் அடங்கிவிடும். குவிலென்ஸின் மையங்கள் அகன்றிருந்தால் கண்கள் உள்பக்கம் திரும்பினால் போதும், அந்தத் திறன் நமக்குத் தாராளமாக இருக்கிறது. இதே சலுகை பெரிய பவருக்குக் கிடைக்காது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் பரவலாகும் முன், நம் ஊர் முகாம்களில் கண்புரை அறுவை முடிந்தவர்களுக்குப் பொதுவாகப் பிளஸ் 10 சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்பினார்கள். அதில் 4 மில்லிமீட்டர் பிசகு கண்ணுக்கு 4 ப்ரிசம்.

இப்போது தானியங்கிக் கருவி எண்ணை அச்சிட்டே தந்துவிடுகிறது, புரொகிரசிவ் லென்ஸைப் பழைய கருவியால் பிடிக்கவே முடியாது என்றும் சொல்வார்கள். தானியங்கியும் ப்ரிசத்தைக் காட்டத்தான் செய்கிறது, பார்ப்பவர் வேண்டும். பெர்னார் மெத்தெனாவின் வாரிலக்ஸ் 1959இல் வந்ததிலிருந்து வளர்ந்த புரொகிரசிவ் லென்ஸ்களில் மையம் இன்னும் கூர்மையான விஷயம், தெளிவான பாதையே குறுகியது. எங்கே அளக்க வேண்டும் என்பதற்காகவே அவற்றின் பரப்பில் 34 மில்லிமீட்டர் இடைவெளியில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத இரு நுண்குறிகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. சில நவீன லென்ஸ்களில் முகத்தில் சாய்ந்து உட்காரும் கோணத்தைக் கணக்கிட்டுப் பவரையே சற்று மாற்றிச் செய்கிறார்கள். கருவி சீட்டிலிருந்து வேறுபட்ட எண்ணைக் காட்டும், ஒப்பிட வேண்டிய எண் லென்ஸ் உறையில் இருக்கும். அந்த உறையைக் குப்பையில் போட்டுவிட்டு வாடிக்கையாளரைப் பழகச் சொல்வது எந்த வகையிலும் நியாயமில்லை.

இதில் யார் பொறுப்பு என்பதே நம் நாட்டில் தெளிவில்லாமல் கிடக்கிறது. கண் பார்த்தவர் பவரை எழுதித் தருகிறார், பி.டி.யைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. கடையில் விற்பவர் ஃபிரேமைப் பொருத்திப் பார்க்கிறார், லென்ஸை வெட்டுகிறவர் போடுகிறவரின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. ஆகவே கேட்க வேண்டியவர் கண்ணாடி போடுகிறவர்தான். கண் சோதனை முடிந்ததும் இரு கண்களுக்கும் தனித்தனியாகப் பி.டி.யைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். கண்ணாடி தயாரானதும் அதை உங்கள் முன்னாலேயே லென்சோமீட்டரில் வைத்து, இரு மையத்திலும் மைப்புள்ளி வைத்து, அளவுகோலால் அளந்து காட்டச் சொல்லுங்கள். பவர் மைனஸ் 3ஐத் தாண்டியவர்களும், இரு கண்ணிலும் பவர் வேறாக உள்ளவர்களும், குழந்தைக்குக் கண்ணாடி வாங்குகிறவர்களும் இதைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள். ஐந்து நிமிட வேலை இது, மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.