சிறு மோட்டாரும் அதன் எதிர்விசையும்

ஜப்பானின் ஷிஸுவோகா நகரைச் சேர்ந்த தாமியா நிறுவனத்தார் போர்ஷே காரின் மாதிரியொன்றை உருவாக்க முற்பட்டபோது, அந்நிறுவனத்தின் ஷுன்சாகு தாமியா மெய்யான போர்ஷே 911 ஒன்றையே விலைகொடுத்து வாங்கி, அதனைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஆராய்ந்தார் என்பது மாதிரிக் கார்ப் பிரியர்கள் நன்கறிந்த வரலாறு. அந்தச் சிரத்தையின் பயனாக 1976-ஆம் ஆண்டில், பன்னிரண்டில் ஒரு பங்கு அளவினதான போர்ஷே 934, ரேடியோவால் ஓடும் காராக வெளிவந்தது. வெளித்தோற்றத்தில் இத்தனை நுட்பம் இருந்தும், இத்தகைய கார்களைக் கையாண்டவர்களின் ஈடுபாடு நாளடைவில் சென்று நிலைபெற்ற இடம் அழகிய மேற்கூடன்று. அதனடியில் பற்சக்கரத்தோடு பற்சக்கரம் பொருந்த அமர்ந்திருக்கும் மோட்டார்தான்.

இத்தகைய சிறு மோட்டார்களின் சரித்திரத்திலும் ஜப்பானுக்குப் பெரும்பங்கு உண்டு. 1947-இல் கெனிச்சி மபுச்சி குதிரைலாடக் காந்தம் கொண்ட சிறு மோட்டாரொன்றை வகுத்தார். அவர் பெயரால் வளர்ந்த நிறுவனத்தின் அளவுகளான 130, 540 என்னும் இரண்டும் இன்று எவர் செய்த மோட்டாருக்கும் பொதுப்பெயராகிவிட்டன. 1999-இல் கியோஷோ நிறுவனம் வெளியிட்ட, உள்ளங்கையில் அடங்கும் மினி-இசட் கார்களில் 130 வகையும், அவற்றினும் பெரிய, பத்தில் ஒரு பங்கு அளவுள்ள கார்களில் 540 வகையும் இடம்பெற்றன. 540 மோட்டார் என்பது சுமார் 36 மில்லிமீட்டர் விட்டமும் 50 மில்லிமீட்டர் நீளமும் உள்ள எஃகு உருளை. அதனுள்ளே வளைந்த இரு ஃபெரைட் காந்தங்கள். அவற்றினிடையே, எனாமல் பூசிய செப்புக் கம்பி சுற்றப்பட்ட மூன்று கைகளையுடைய ஆர்மெச்சர். அச்சின் ஒரு முனையில் மூன்று செப்புத் துண்டுகளாலான கம்யூட்டேட்டர். அதனை இருபுறமிருந்தும் அழுத்திக்கொண்டு, மிக்ஸி பழுதுபார்க்கும் கடைகளில் மாற்றித் தரும் கார்பன்களின் இனத்தைச் சேர்ந்த இரண்டு பிரஷ்கள்.

இந்த மோட்டாரைத் திருத்தியமைக்க விரும்புகிறவர் முதலில் மனத்திற்கொள்ள வேண்டிய தத்துவம் ஒன்று உண்டு. 1873-இல் வியன்னாவில் நடந்த உலகக் கண்காட்சியில், ஸெனோப் கிராம் அமைத்த டைனமோவுக்கு மற்றொரு டைனமோவின் மின்சாரத்தைச் செலுத்தியபோது அது மோட்டாராகச் சுழன்றது. இதன் மறுபக்கமும் உண்மையே: சுழலும் மோட்டார் ஒவ்வொன்றும் சுழலும் அந்தக் கணத்திலேயே டைனமோவாகவும் இருந்து, தனக்கு ஊட்டப்படும் மின்சாரத்தை எதிர்த்து ஒரு மின்னழுத்தத்தைப் பிறப்பிக்கிறது. இதுவே எதிர் மின்னியக்கு விசை. ஒவ்வொன்றும் 1.2 வோல்ட் உள்ள ஆறு செல்களின் தொகுதி 7.2 வோல்ட் தருமானால், சுமையின்றி விரைந்து சுழலும் மோட்டார் அதற்கு ஏறத்தாழச் சமமான எதிர்விசையைத் தானே எழுப்பிக்கொள்கிறது. எஞ்சிய சிறு வித்தியாசம் மட்டுமே சுருளில் மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. கார் சுவரில் முட்டிச் சக்கரம் அசையாது நின்றுவிட்டாலோ எதிர்விசை அறவே மறைந்து, 7.2 வோல்ட்டும் அற்பமான செம்பின் மின்தடை ஒன்றையே எதிர்கொள்கிறது. சில விநாடிகளில் எனாமல் கருகும் நாற்றம் எழுவதன் காரணம் இதுதான்.

கம்பிச் சுற்றுகளைக் குறைத்தால் வேகம் மிகுவதும் இந்த எதிர்விசையாலேயே. சாதாரண 540 மோட்டாரில் ஒவ்வொரு கையிலும் 27 சுற்றுகள் இருக்கும். அதைப் பாதியாகக் குறைத்து, மிச்சமான இடத்தை இருமடங்கு குறுக்குவெட்டுப் பரப்புள்ள கம்பியால் நிரப்பினால், அதே எதிர்விசையை எழுப்ப மோட்டார் இருமடங்கு வேகத்தில் சுழல வேண்டியிருக்கும். சுருளின் மின்தடையோ நான்கில் ஒன்றாகிவிடும். ஆகவே வேகமும் இரட்டிக்கும். நின்ற நிலையில் இழுக்கக்கூடிய மின்னோட்டம் நான்மடங்காகும். தொடக்க முறுக்குவிசையும் இரட்டிக்கும். இங்கே சூட்சுமமான ஒரு விஷயம் இருக்கிறது. முன்போலவே அதே முறுக்குவிசையைத் தருவதற்கு இந்த மோட்டார் இருமடங்கு மின்னோட்டத்தை வாங்கினாலும், தடை குறைந்துவிட்டபடியால் சுருளில் பிறக்கும் உஷ்ணம் முன்னிருந்த அளவேதான். அந்த இரட்டை மின்னோட்டத்தைச் சுமக்க நேர்வது பிரஷ்களும், இணைப்புக் கம்பிகளும், பேட்டரியுமே. எனவே சுருளை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே விட்டுவிடுவது பாதிச் சீர்திருத்தமாகவே முடியும்.

உஷ்ணத்தின் விளைவு தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் இயல்புடையது. மோட்டாரின் சூடு 100 டிகிரி செல்சியஸ் உயருமானால் செம்பின் மின்தடை ஏறக்குறைய நாற்பது விழுக்காடு கூடுகிறது. ஃபெரைட் காந்தம் தன் வலிமையில் சுமார் இருபது விழுக்காட்டைத் தற்காலிகமாக இழக்கிறது. காந்தம் தளர்ந்தால் அதே இழுவைக்கு மின்னோட்டம் மிகும். மின்னோட்டம் மிகுந்தால் உஷ்ணம் மேலும் ஏறும். ஓட்டம் முடிந்ததும் மோட்டாரை நன்றாக ஆறவிட்டு அடுத்த பேட்டரியைப் பொருத்த வேண்டும் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவது வீண் எச்சரிக்கையன்று. மோட்டார் அச்சிலுள்ள பினியன் என்னும் சிறு பற்சக்கரத்தைப் பெரிதாக்கி வேகத்தைக் கூட்டிவிடலாம் என்று எண்ணுகிறவர்களும் இதே சுழலில்தான் அகப்படுகிறார்கள்; பெரிய பினியன் மோட்டாரை அதன் இயல்பான வேகத்துக்குக் கீழே பிடித்து வைப்பதால் எதிர்விசை தாழ்கிறது, மின்னோட்டம் பெருகுகிறது, அளவு மீறினால் கார் முன்னிலும் மெதுவாகவே ஓடத் தொடங்குகிறது.

நான் அறிந்தவரையில், வேகக் குறைவு என்று முறையிடப்படும் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது புதிய மோட்டாரன்று, பழையதன் பராமரிப்பே. நிமிடத்துக்கு 15,000 சுழற்சிகளில் ஓடும் மோட்டாரில், விநாடிக்கு 1,500 முறை மின்னோட்டம் ஒரு செப்புத் துண்டிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறது; அம்மாற்றம் நிகழும் அந்தச் சிறு பரப்பின் தூய்மையில்தான் யாவும் அடங்கியிருக்கின்றன. புதிய பிரஷ்ஷின் முகம் பல மோட்டார்களில் தட்டையாகவோ கரடாகவோ இருக்கும், கம்யூட்டேட்டரோ உருண்டையானது. ஆதலால் சுமையேதுமின்றி, 1.5 முதல் 3 வோல்ட்டுக்குள் மெதுவாக ஓடவிட்டு, பிரஷ்ஷின் முகம் அந்த வளைவுக்கு இணங்கத் தேய்ந்துவருமாறு செய்வது நல்ல பழக்கம். சிலர் அவசரப்பட்டு மோட்டாரை நீருக்குள் அமிழ்த்தியே ஓடவிடுகிறார்கள். காரியம் விரைவில் முடிகிறது என்பது மெய்யே. ஆனால் பிரஷ் வீணாகத் தேய்வதோடு, அச்சைத் தாங்கும் வெண்கலப் புஷ்ஷில் ஊறியிருக்கும் எண்ணெயும் கழுவுண்டு போவதால், அம்முறையில் எனக்கு உடன்பாடில்லை.

எண்ணெயிலும் மிதம் வேண்டும். புஷ்ஷுக்கோ பேரிங்குக்கோ மெல்லிய எண்ணெய் ஒரு துளி போதும். மிகுந்தது கம்யூட்டேட்டரை அடைந்து, கார்பன் தூளோடு குழைந்து கரும்பசையாகிச் செப்புத் துண்டுகளுக்கு இடையிலுள்ள பிளவுகளை அடைத்துவிடும். நாட்பட்டுக் குழிந்த கம்யூட்டேட்டரைச் சிறு லேத்தில் ஏற்றி, மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்கு மட்டும் சீவி, பிளவுகளில் சிக்கிய செப்புத் துகளை நீக்கிவிட்டால் மோட்டார் மறுபிறவி எடுத்தாற்போல் ஓடும். ஆனால் இச்சிகிச்சை பிரித்துப் பூட்டக்கூடிய மோட்டார்களுக்கே பொருந்தும். விளிம்பு மடித்து மூடப்பட்டவற்றை வெளியிலிருந்து துப்புரவு செய்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். மோட்டாரை மீண்டும் காரில் பொருத்தும்போது, பினியனுக்கும் பெரிய பற்சக்கரத்துக்கும் நடுவே மெல்லிய காகிதத் துண்டொன்றை வைத்துத் திருகாணிகளை இறுக்கி, பிறகு சக்கரத்தைச் சுழற்றிக் காகிதத்தை வெளியேற்றினால், பற்களின் இடைவெளி சரியாக அமைந்துவிடும்.

இப்பராமரிப்பெல்லாம் பிரஷ் உள்ள மோட்டார்களுக்கே. பிரஷ் அற்ற மோட்டார்களில் காந்தம் சுழல, சுருள் அசையாது நிற்கிறது. மின்னோட்டத்தை மாற்றும் வேலையை எலக்ட்ரானிக் சாதனமே செய்துவிடுவதால், தேய்வதற்கு பேரிங்குகள் தவிர வேறொன்றுமில்லை. பிரஷ் உள்ளவற்றிலோ பொறி பறப்பதை முற்றிலும் தடுக்க இயலாது. ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1887-88 ஆண்டுகளில் கார்ல்ஸ்ரூ நகரில் ரேடியோ அலைகளை முதன்முதலில் எழுப்பியது மின்பொறியைக் கொண்டுதான். அதே காரணத்தால் மோட்டாரின் ஒவ்வொரு பொறியும், பக்கத்திலேயே இருக்கும் ரேடியோ ஏற்பியின் காதில் இரைச்சலாக விழுகிறது. 27 மெகாஹெர்ட்ஸ் அலைகளில் இயங்கிய பழைய கார்கள் கட்டளையின்றித் துள்ளித் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம், இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் இத்தொல்லைக்கு எளிதில் இடங்கொடுப்பதில்லை என்றாலும், அதை நம்பி மோட்டாரின் கண்டென்சர்களைக் கழற்றி எறிவது தகாது. 0.1 மைக்ரோஃபேரட் உள்ள மூன்று கண்டென்சர்களில் ஒன்றை இரு முனைகளுக்கிடையேயும், மற்ற இரண்டையும் ஒவ்வொரு முனைக்கும் எஃகுக் கூட்டுக்கும் இடையேயும் பற்றவைக்க வேண்டும். கூட்டின் பரப்பை முதலில் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டால்தான் ஈயம் ஒட்டும். சூட்டுக்கோலையும் அங்கே நெடுநேரம் வைத்திருக்கலாகாது.