குற்றால சீசனும் கிளட்ச் மேல் வைத்த காலும்

சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் கார்கள் எறும்பு வரிசையாகத்தான் நகரும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அதுவும் ஞாயிற்றுக்கிழமை என்றால், பேரருவியிலிருந்து ஐந்தருவி போய்ச் சேருவதற்குள் பிள்ளைகள் தூங்கியே விடுவார்கள். செங்கோட்டை தாண்டி புளியரை மலைச்சாலையில் ஏறினால் கேரளா போகும் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் செல்ல வேண்டும். அந்த நேரமெல்லாம் காரை ஓட்டுபவரின் இடது கால் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் கிளட்ச் மேல்.

அந்தக் கால் கிளட்ச் பிளேட்டைத் தேய்க்கும் என்பது பலருக்கும் தெரியும். இன்ஜினுக்குள் இருக்கும் ஒரு சின்ன வாஷரையும் அது தேய்க்கும் என்பது தெரியாது. அந்த வாஷர் போனால், சில சமயம் இன்ஜினே போய்விடும்.

இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது?

பிஸ்டன்களின் மேலும் கீழுமான ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் ஷாஃப்ட். அது முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைப்பவை 'த்ரஸ்ட் வாஷர்' எனப்படும் பிறை வடிவத் தகடுகள். எஃகுத் தகட்டின் மேல் மென்மையான உலோகப் பூச்சு இருக்கும். பல கார்களில் இங்கே அனுமதிக்கப்படும் இடைவெளி சுமார் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் மட்டுமே. இடையில் இருக்கும் மெல்லிய ஆயில் படலம்தான் பாதுகாப்பு.

கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் அந்த அழுத்தம் ஃப்ளைவீல் வழியாக கிராங்க் ஷாஃப்ட்டை முன்பக்கம் தள்ளுகிறது. கியர் மாற்றும் ஒரு நொடிக்கு அது பெரிய விஷயமில்லை. நிமிடக்கணக்கில் மிதித்தே வைத்திருந்தால் ஆயில் படலம் மெலிந்து, உலோகத்தோடு உலோகம் உரசத் தொடங்கும். ஹாஃப் கிளட்ச்சில் மேட்டில் நிறுத்தி வைப்பதும் இதே கதைதான். பழைய ஆயில், ஆயில் அளவு குறைவு, கிளட்ச்சைத் தவறாக அட்ஜஸ்ட் செய்து எப்போதும் லேசாக அழுத்திக்கொண்டே இருப்பது ஆகியவை தேய்மானத்தை வேகப்படுத்தும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கிளட்ச்சை மிதித்ததும் இன்ஜின் திணறுவது, சத்தம் மாறுவது, பின்பக்க ஆயில் சீல் கசிவது, வடித்த ஆயிலில் உலோகத் துகள் மினுங்குவது ஆகியவை எச்சரிக்கைகள். ஆனால் சத்தத்தை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. கிளட்ச்சை மிதிக்கும்போது வரும் சத்தம் ரிலீஸ் பேரிங்கிலிருந்தும் வரலாம். மிதித்ததும் நிற்கும் சத்தம் கியர் பாக்ஸ் பேரிங்காகவும் இருக்கலாம்.

எளிய சோதனை ஒன்று உண்டு. இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வையுங்கள். ஒருவர் கிளட்ச்சை மிதித்து விடட்டும். இன்னொருவர் டார்ச் அடித்து கிராங்க் புல்லியைப் பார்க்கட்டும். கண்ணுக்குத் தெரியும்படி அது வெளியே வந்து உள்ளே போனால், அதற்கு மேல் காரை ஓட்டாதீர்கள். மெக்கானிக் டயல் கேஜ் வைத்து அளந்து, அந்த இன்ஜினுக்கான சர்வீஸ் மேனுவல் அளவோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

சரிசெய்ய முடியுமா?

சீக்கிரம் கண்டுபிடித்தால் முடியும். சில இன்ஜின்களில் ஆயில் சம்ப்பைக் கழற்றி, ஒரு பேரிங் கேப்பை எடுத்தாலே புது வாஷர்களைப் போட்டுவிடலாம். ஆயில் பள்ளம் உள்ள பக்கம் கிராங்க் ஷாஃப்ட்டைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் வேலை வீண்.

கிராங்க் ஷாஃப்ட்டின் முகமும் தேய்ந்திருந்தால் இன்ஜினை இறக்கியாக வேண்டும். முகத்தை கிரைண்டிங் செய்து அதற்கேற்ற தடிமனான வாஷர் போடலாம். இல்லாவிட்டால் கிராங்க் ஷாஃப்ட்டையே மாற்ற வேண்டும். வாஷர் கழன்று சம்ப்பில் விழுந்த பிறகும் ஓட்டினால், கிராங்க் ஷாஃப்ட் இன்ஜின் பிளாக்கையே அரைத்துவிடும். அந்த நிலையில் வேறு இன்ஜின் தேடுவதே மலிவாக முடியலாம்.

இன்னொன்றையும் மெக்கானிக்கிடம் கேளுங்கள்: "ஏன் தேய்ந்தது?" கிளட்ச் அட்ஜஸ்ட்மென்ட்டையும் ஆயில் பிரஷரையும் பார்க்காமல் வாஷரை மட்டும் மாற்றினால், அடுத்த சீசனுக்குள் அதே செலவு திரும்ப வரும்.

எல்லாமே ஓட்டுபவரின் தவறு என்றும் சொல்லிவிட முடியாது. 1990-களில் வந்த மிட்சுபிஷி எக்லிப்ஸ் காரின் சில டர்போ இன்ஜின்களில் இந்தக் கோளாறு அடிக்கடி பேசப்பட்டது. அமெரிக்காவில் இதற்கு 'கிராங்க் வாக்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இனி என்ன செய்யலாம்?

வரிசை நின்றால் நியூட்ரலுக்கு மாற்றி, கிளட்ச்சிலிருந்து காலை எடுங்கள். மேட்டில் ஹேண்ட் பிரேக்கைப் பயன்படுத்துங்கள். கிளட்ச்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் கார் என்றால், நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து உடனே காலை எடுத்துவிடுங்கள். ஓடும்போது இடது காலைப் பக்கத்தில் தரையில் வையுங்கள். குற்றாலம் கிளம்பும் முன் ஆயில் அளவை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இதற்கெல்லாம் ஒரு பைசா செலவில்லை.