மரம் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறது? எடை போட்டுக் கண்டுபிடித்தார்கள்!

ஓடைக் கரையில் ஒரு பெரிய மரம் நிற்கிறது. பக்கத்திலேயே தண்ணீர் சலசலத்து ஓடுகிறது. அந்த மரம் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறது?

"இது என்ன கேள்வி? ஓடைத் தண்ணீரைத்தான்!" என்று நீங்கள் சொல்வீர்கள்.

எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். அது சரியல்ல என்று 1991-ம் ஆண்டில் தெரிய வந்தது.

அமெரிக்காவில் யூட்டா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. மலைகளும் வறண்ட நிலமும் நிறைந்த பகுதி. அங்கே டாட் டாசன், ஜேம்ஸ் எலரிங்கர் என்ற 2 விஞ்ஞானிகள் ஓடைக் கரை மரங்களை ஆராய்ந்தார்கள். ஆண்டு முழுவதும் வற்றாத ஓடை அது.

ஆனால் கரையில் நின்ற வளர்ந்த மரங்கள், ஓடைத் தண்ணீரை அநேகமாகத் தொடவே இல்லை! மண்ணுக்குள் ஆழத்தில் இருந்த தண்ணீரையே அவை குடித்து வந்தன.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? மரத்தைத் தோண்டிப் பார்த்தார்களா? இல்லை. தண்ணீரை எடை போட்டுப் பார்த்தார்கள்!

கனமான தண்ணீர்

தண்ணீர் எல்லாம் ஒன்றுதான் என்று நாம் நினைக்கிறோம். அதிலும் லேசானது, கனமானது என்று வகைகள் உண்டு.

2 ஹைட்ரஜன் அணுவும் 1 பிராணவாயு அணுவும் சேர்ந்ததுதான் தண்ணீர். பிராணவாயு அணுவின் எடை பொதுவாக 16. ஆனால் சுமார் 500 அணுவுக்கு ஒன்று மட்டும் 18 எடை இருக்கும். ஹைட்ரஜன் அணுவின் எடை 1. அதிலும் சுமார் 6,400 அணுவுக்கு ஒன்று 2 எடை இருக்கும்.

இந்தக் கனமான ஹைட்ரஜனை 1931-ம் ஆண்டில் ஹரால்டு யூரே என்ற அமெரிக்க விஞ்ஞானி கண்டுபிடித்தார். அதற்காக 1934-ம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பொருள் ஒன்று, எடை மட்டும் வேறு. இப்படிப்பட்ட அணுக்களுக்கு "ஐசோடோப்" என்று பெயர்.

பாட்டிலில் பிடித்த மழை

வெயிலில் தண்ணீர் ஆவியாகும்போது லேசான தண்ணீர் முந்திக்கொண்டு மேலே போகும். கனமானது பின்தங்கும். மேகம் மழையாக மாறும்போது கனமானது முந்திக்கொண்டு கீழே விழும். ஆகவே எல்லா மழையிலும் இந்தக் கலப்பு ஒரே அளவில் இருப்பதில்லை.

1952-ம் ஆண்டு ஜூன் மாதம் டென்மார்க் நாட்டில் வில்லி டான்ஸ்கார்டு என்ற விஞ்ஞானி, தம் வீட்டுத் தோட்டத்தில் ஒரு காலி பீர் பாட்டிலை வைத்தார். அதன் வாயில் ஒரு புனலைச் செருகினார். மழைத் தண்ணீரைப் பிடித்து ஆராய்ந்தார். ஒரே மழையில்கூட, நேரம் ஆக ஆகக் கலப்பு மாறியது!

கோடை மழைக்கு ஒரு கலப்பு. குளிர்கால மழைக்கு வேறு கலப்பு. மேல் மண்ணில் வெயில் படுவதால் லேசான தண்ணீர் போய்விடும். கனமானது தங்கும். ஆழத்தில் இருக்கும் தண்ணீருக்கு இந்த மாறுதல் இல்லை.

வேர் பொதுவாகத் தண்ணீரைப் பிரித்து எடுப்பதில்லை. இருக்கிற கலப்பில் அப்படியே உறிஞ்சும். எனவே மரத்தின் தண்டில் உள்ள தண்ணீரை எடுத்து ஆராய்ந்தால் போதும். அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

யூட்டா விஞ்ஞானிகள் செய்தது இதைத்தான்.

காற்றுக்கும் எடை

தண்ணீரைப் போலவே கரியமில வாயுவையும் எடை போடலாம். கரி அணு 100-ல் சுமார் 99-ன் எடை 12. மீதி ஒன்றின் எடை 13. செடி கொடிகள் காற்றை இழுக்கும்போது லேசான கரியையே அதிகமாக எடுத்துக்கொள்ளும். ஆகவே செடியிலும், அது மக்கிய மண்ணிலும் கனமான கரி சற்றுக் குறைவு.

1955-ம் ஆண்டில் சார்லஸ் கீலிங் என்ற 27 வயது இளைஞர், அமெரிக்கக் காடுகளில் கண்ணாடிக் குடுவையில் காற்றைப் பிடித்தார். பகலிலும் பிடித்தார். இரவில் படுக்கையை விட்டு எழுந்தும் பிடித்தார்.

இரவுக் காற்றில் கரியமில வாயு அதிகமாக இருந்தது. அது எங்கிருந்து வந்தது? கரியின் எடையைப் பார்த்தார். விடை கிடைத்தது. செடிகளும் மண்ணும் விட்ட மூச்சு அது!

1958-ம் ஆண்டில் ஹவாய்த் தீவில் உள்ள மௌனா லோவா மலையில் அவர் காற்றை அளக்கத் தொடங்கினார். அப்போது 10 லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 315 பங்கு இருந்தது. 2024-ம் ஆண்டில் அது 420-ஐத் தாண்டி இருந்தது.

குற்றவாளி யார்?

கூடிய வாயு யாருடையது? இதற்கும் எடைதான் சாட்சி சொன்னது.

வாயு கூடக் கூட, காற்றில் 13 எடை உள்ள கரியின் விகிதம் குறைந்து வந்தது. அப்படியானால் வந்து சேர்ந்தது செடியில் பிறந்த கரி. இன்றைய செடியா, பழைய செடியா?

கரியில் 14 எடை உள்ள வகை ஒன்றும் உண்டு. அது மிக மிகக் குறைவு. நாளடைவில் தானே அழிந்து போகும். நிலக்கரி என்பது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்த செடி. அதில் இந்த 14 எடைக் கரி மிச்சம் இல்லை. 1955-ம் ஆண்டில் ஹான்ஸ் சூயஸ் என்ற விஞ்ஞானி மரத்தின் வளையங்களை ஆராய்ந்தார். காற்றில் 14 எடைக் கரியின் விகிதம் குறைந்திருப்பதைக் கண்டார்.

நாம் எரிக்கும் நிலக்கரியின் புகையும் எண்ணெயின் புகையும் காற்றில் கலந்து தேங்குகின்றன என்பது இப்படித்தான் தெளிவாயிற்று.

தராசு எப்படி இருக்கும்?

கடைத் தராசில் அணுவை நிறுக்க முடியாது. அணுக்களுக்கு மின்சாரம் ஏற்றி, காந்தத்தின் நடுவே பாயவிடுவார்கள். லேசானது அதிகமாக வளையும். கனமானது குறைவாக வளையும். இரண்டையும் தனித்தனியே எண்ணிவிடலாம்.

இப்போது லேசர் ஒளியாலும் அளக்கிறார்கள். ஒவ்வொரு எடையும் அதற்கென்று உள்ள ஒளியை விழுங்கும். எவ்வளவு விழுங்கியது என்று பார்த்தால் கணக்குத் தெரியும். இந்தப் பெட்டியை வயலுக்கே கொண்டு போகலாம். மண்ணுக்குள் குழாயைப் புதைத்து, அங்குள்ள ஆவியையும் கரியமில வாயுவையும் உடனுக்குடன் அளக்கலாம்.

இதனால் மனிதனுக்கு என்ன நன்மை? ஓடையில் தண்ணீர் ஓடுகிறது, மரத்துக்குக் கவலை இல்லை என்று இனி இருக்க முடியாது. அடியில் உள்ள தண்ணீரை நாம் இறைத்துத் தீர்த்துவிட்டால், ஓடைக் கரையிலேயே மரம் பட்டுப் போகலாம். மரம் எந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறது என்று முன்பே தெரிந்தால், அந்தத் தண்ணீரைக் காப்பாற்றலாம், மரமும் பிழைக்கும்.